டியூபாவின் முதல் ஸ்லைடை இடது கையால் இழுத்து வாசிக்க: ஒரு செய்முறை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், நான் இருக்கும் ஊர் இசைக்குழுவில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கிறேன். கருவி குழுவுக்குச் சொந்தமானது. பி ஃபிளாட் டியூபா, நான்கு பிஸ்டன் வால்வுகள், வயது எனக்குச் சமம். நாதம் அருமையாக இருக்கும். ஆனால் ஜி சுரமும் அதற்குக் கீழே வரும் டி சுரமும் எப்போதும் சுருதி ஏறியே நிற்கும். ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் நடத்துனர் என் பக்கம் திரும்பி விரலைக் கீழ்நோக்கிக் காட்டுவார். உதட்டைத் தளர்த்திச் சுருதியை இறக்கிவிடலாம், ஆனால் அப்படிச் செய்தால் நாதம் செத்துப்போகும். டியூபாவில் நாதம் போனால் அப்புறம் என்ன மிச்சம்?

புதுக் கருவி வாங்கலாமா, வால்வுத் தொகுதியையே மாற்றலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில் மூன்று வேலைகள் செய்தேன். காற்றுக்கசிவை அடைத்தேன், பிஸ்டன்களைச் சரியான உயரத்தில் நிறுத்தினேன், முதல் வால்வின் ஸ்லைடு (நீளத்தை மாற்ற இழுக்கும் யு வடிவக் குழாய்) வாசிக்கும்போதே நகரும்படி செய்தேன். கருவியில் எதையும் வெட்டவில்லை. இன்று அதே ஜி தளர்வில்லாமல் முழு நாதத்தோடு வருகிறது. டியூபாவை மாற்றியமைக்க நினைக்கும் யாரும் முதலில் இந்த மூன்றையும் முடித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கருவியைக் கழுவுவது, வால்வுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். கழுவுவதற்கு வெந்நீர் வேண்டாம், மேற்பூச்சு உரிந்துவிடும்.

ஏன் ஏறுகிறது?

பி ஃபிளாட் டியூபாவின் குழாய் நீளம் ஏறத்தாழ 18 அடி, அதாவது 550 செ.மீ. முதல் வால்வு ஒரு முழுச்சுரம் இறக்க அதில் சுமார் 67 செ.மீ. குழாயைச் சேர்க்கிறது. இரண்டாவது வால்வு அரைச்சுரத்துக்கு 33 செ.மீ. சேர்க்கிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 100 செ.மீ. கிடைக்கும். ஆனால் ஒன்றரைச் சுரம் இறங்கத் தேவை 104 செ.மீ. முதல் வால்வை அழுத்தியதும் கருவியே நீண்டுவிடுகிறது. நீண்ட கருவிக்கு அரைச்சுரம் இறங்க 33 செ.மீ. போதாது. குறைகிற அந்த 4 செ.மீ.தான் ஜியிலும் டியிலும் 11 சென்ட் ஏற்றமாகக் கேட்கிறது (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு).

மூன்றாவது வால்வு தனியாக ஒன்றரைச் சுரம் இறக்கும். ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் 13 செ.மீ. குறையும், 30 சென்ட் ஏறும். மூன்றையும் அழுத்தினால் 24 செ.மீ. குறைந்து அரைச்சுரத்தில் பாதிக்கு மேல் ஏறிவிடும். (இவை கணக்குப்படி வரும் எண்கள். மூன்றாவது ஸ்லைடைக் கொஞ்சம் நீளமாகவே செய்து விற்பவர்களும் உண்டு.) நான்காவது வால்வு இருந்தால் ஒன்று-மூன்றுக்குப் பதில் அதை அழுத்திக்கொள்ளலாம். ஒன்று-இரண்டுக்குப் பதில் மூன்றாவதை மட்டும் அழுத்துவதும் ஒரு வழிதான், ஆனால் நான் ஸ்லைடையே நகர்த்தத் தேர்ந்தேன்.

ஸ்லைடுக்கு இரண்டு கால்கள் (யு வடிவின் இரு நேர்குழாய்கள்) என்பதால் 1 செ.மீ. இழுத்தால் 2 செ.மீ. குழாய் கூடும். ஆக ஜிக்கு 2 செ.மீ. இழுத்தால் போதும்.

முதல் வேலை: கசிவு

வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைச் சட்டென்று உருவுங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் நல்லது. சத்தமே வராமல் நழுவி வந்தால் ஸ்லைடிலோ பிஸ்டனிலோ காற்று ஒழுகுகிறது. எல்லா ஸ்லைடுகளுக்கும் இதைச் செய்து பாருங்கள். அடுத்து எச்சில்நீர் வெளியேற்றும் சாவியின் கார்க்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட சுரம் வாசியுங்கள். விரல் வைத்தபோது சுரம் எளிதாக வந்தால் கார்க்கை மாற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. என் கருவியில் இதுவே பெரிய வித்தியாசம் காட்டியது.

மவுத்பீஸையும் பொருத்தி ஆட்டிப் பாருங்கள். டியூபா மவுத்பீஸ்களின் தண்டு ஒரே அளவில் வருவதில்லை, ஐரோப்பிய அளவு அமெரிக்க அளவைவிடத் தடித்தது. ஆடினால் அளவு தவறு. ஆடாமல் இருந்தும் சுரங்கள் வழுக்கினால், தண்டைச் சுற்றி மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைச் சுற்றி வாசித்துப் பாருங்கள். அது எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது என்பதே வாசிப்பை மாற்றும். பணம் செலவழிக்கும் முன் காகிதத்தில் சோதிப்பது நல்லது.

இரண்டாவது வேலை: பிஸ்டன் உயரம்

பிஸ்டனில் உள்ள துளைகள் வால்வுக் கூட்டில் உள்ள துளைகளோடு நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு மி.மீ. மேலே கீழே இருந்தாலும் காற்று அந்த விளிம்பில் இடறும். இதைத் தீர்மானிப்பவை இரண்டு ஃபெல்ட் வளையங்கள். எது எதற்கு என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். விரல் பொத்தானுக்கும் மேல்மூடிக்கும் நடுவே வெளியில் தெரிவது, அழுத்தும்போது பிஸ்டன் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேல்மூடிக்கு உள்ளே, பிஸ்டன் தலைக்கு மேலே இருப்பது, அழுத்தாதபோது எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

பார்ப்பதற்குப் பல் மருத்துவர் வைத்திருக்கும் மாதிரி சிறு கண்ணாடியும் பேனா அளவு டார்ச்சும் வேண்டும். ஸ்லைடைக் கழற்றிவிட்டு அந்தக் குழாய்க்குள் கண்ணாடியை விட்டு, வால்வை அழுத்தியபடி பாருங்கள். வட்டத்துக்குள் வட்டம் சரியாக உட்கார்ந்தால் முடிந்தது. மேலோ கீழோ பிறை மாதிரி ஒரு விளிம்பு தெரிந்தால் அவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தாத நிலையைப் பார்க்கப் பக்கத்து வால்வின் பிஸ்டனை எடுத்துவிட்டு, அந்தக் காலிக் கூட்டின் வழியாகக் கண்ணாடியை நீட்டுங்கள்.

பழைய ஃபெல்ட் அமுங்கி மெலிந்துபோயிருக்கும். ஃபெல்ட்டுக்குப் பதில் மூடிய நுண்ணறை கொண்ட ரப்பர் நுரை வளையங்களையே நான் சிபாரிசு செய்வேன். அவை அமுங்கிப்போக நாளாகும், எண்ணெயைக் குடிப்பதும் குறைவு. உள்ளே இருப்பதை மாற்றும்போது தடிமன் கால் மி.மீ. வித்தியாசத்தில் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது வேலை: ஸ்லைடை இளக்குதல் (இங்கேதான் நான் தவறினேன்)

இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

என் முதல் ஸ்லைடு இழுத்தால் வரும், ஆனால் இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டும். அழுக்கு என்று நினைத்துக் கழுவினேன், மாறவில்லை. கரடாக இருக்கிறது என்று நினைத்து, பித்தளை விளக்கும் பசையோடு எண்ணெய் கலந்து காலில் தடவி, முன்னும் பின்னும் தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு மாலைகள் தேய்த்தேன். கொஞ்சம் இளகியது போலிருக்கவே மேலும் தேய்த்தேன். மூன்றாம் நாள் 'பொப்' சோதனை செய்தபோது சத்தம் வரவில்லை. இடது கால் தேய்ந்து, காற்று ஒழுகியது. ஸ்லைடோ இன்னும் இறுக்கமாகவே இருந்தது.

நான் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய சோதனை இது. ஸ்லைடை முழுக்கக் கழற்றுங்கள். இப்போது அதைத் திருப்பி, ஒரு கால் மட்டும் தன் குழாய்க்குள் போகும்படியும் மற்றொரு கால் வெளியே காற்றில் நிற்கும்படியும் செருகுங்கள். கடைசி வரை வழுக்கிக்கொண்டு போகிறதா? அடுத்த காலையும் அதேபோல் பாருங்கள். தனித்தனியாக இரண்டும் சுகமாகப் போய், சேர்த்துச் செருகும்போது மட்டும் இறுகினால், குறை உலோகத்தின் மேற்பரப்பில் இல்லை. இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. அதை எவ்வளவு தேய்த்தாலும் தீராது.

என் ஸ்லைடுக்கு அதுதான் குறை. பழுதுபார்ப்பவர் வளைவுக்கும் காலுக்கும் நடுவே இருந்த ஈயப்பற்றைச் சூடேற்றி இளக்கி, கால்களை வெளிக்குழாய்களுக்குள் தானாக அமரவிட்டு, அந்த நிலையிலேயே திரும்பப் பற்றவைத்தார். தேய்ந்த இடது காலை உள்ளிருந்து சற்று விரித்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் ஒரு விரலால் ஸ்லைடைத் தள்ள முடிந்தது. அந்தக் கணம் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. எனவே, தனித்தனியாகவும் இறுகினால் மட்டும் தேயுங்கள், அதுவும் பத்து முறைக்கு ஒருமுறை துடைத்துச் சோதித்துக்கொண்டே. சேர்த்தால் மட்டும் இறுகினால் ஆளிடம் கொடுங்கள். ஈயப்பற்று வேலையை முதன்முறையாகக் கற்க டியூபா ஏற்ற இடமில்லை.

அப்புறம் மசகு. மற்ற ஸ்லைடுகளுக்குக் கெட்டி கிரீஸ் சரி. நகரும் ஸ்லைடுக்கு நான் மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான லானோலினில் (ஆட்டுரோம மெழுகு) சில சொட்டு வால்வு எண்ணெய் கலந்து பூசுகிறேன். வெறும் எண்ணெய் விட்டால் ஒரு வாரத்தில் வற்றிவிடும், கிரீஸ் மட்டும் என்றால் குளிரில் கெட்டியாகும். மெல்லிய படலமே போதும். அதிகமாகப் பூசினால் உள்ளே வழிந்து பிஸ்டனில் ஒட்டும்.

கைக்கு எட்ட வைத்தல்

ஸ்லைடின் வளைவு இடது கைக்கு நேரடியாக எட்டினால் இது தேவையில்லை. எனக்கு எட்டவில்லை. 6 மி.மீ. அலுமினியக் கம்பி ஒன்றை, ரப்பர் உள்பட்டை வைத்த குழாய்க் கிளிப்பால் வளைவோடு பிணைத்தேன். கிளிப்பை வளைவின் நடுவில் மாட்டுங்கள். ஒரு ஓரத்தில் மாட்டினால் இழுக்கும்போது ஸ்லைடு சாய்ந்து சிக்கும்.

உள்காலின் மேல் ரப்பர் ஓ-வளையம் ஒன்றிரண்டு மாட்டினால், ஸ்லைடு இறங்கும்போது உலோகம் உலோகத்தில் மோதாது. அது நிற்கும் இடத்தையும் அந்த வளையங்களால் நிர்ணயிக்கலாம். அடிவரை தள்ளி நிறுத்தாமல் சிறிது இடம் விட்டு வையுங்கள். ஏனென்றால் முதல் வால்வில் மட்டும் வரும் நடு சி பெரும்பாலும் இறங்கி ஒலிக்கும், அதற்கு ஸ்லைடை உள்ளே தள்ள வேண்டிவரும்.

டியூனரோடு உட்காரும் முன் கருவியை நன்றாக ஊதிச் சூடாக்குங்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் மாறும். குளிர்ந்த கருவியில் போட்ட குறி சூடான கருவியில் பொய்யாகிவிடும். சூடானபின் ஜி, டி, சி மூன்றுக்கும் இடம் கண்டுபிடித்துக் கம்பியில் சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் கோடு தேவைப்படாது, கையே போய்விடும்.

இடது கையால் ஸ்லைடு இழுத்து வாசிப்பது ஏதோ குறுக்குவழி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சிக்காகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸும் ஸ்லைடுகளை நகர்த்தித்தான் வாசித்தார். அவருடைய யார்க் நிறுவன டியூபா, பிலடெல்பியா இசைக்குழுவுக்காக மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் செய்யப்பட்டது. அவர் அதை 175 டாலருக்கு வாங்கினார். அந்தக் கருவியை அளந்து அதன் வடிவில் டியூபா செய்தவர்களில் ஹிர்ஸ்புருனர் பட்டறையும் உண்டு. அது எங்கள் பெர்ன் மாநிலத்தின் சுமிஸ்வால்டில்தான் இருந்தது. இதை அறிந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனம் பூரிக்கும்.

பின்சேர்க்கை 1: வால்வை அழுத்தாமல் ஸ்லைடை நகர்த்தினால் சுரத்தின் நடுவே 'பொப்' கேட்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் கேட்டது. அழுத்தியபடி நகர்த்தினால் கேட்காது, ஆனால் வேகமான இடங்களில் முடியாது. இதற்குத் தீர்வு, பிஸ்டனின் சுவரில் ஒரு மி.மீ.க்கும் குறைவான துளை. வால்வு மேலே நிற்கும்போது ஸ்லைடில் அடைபட்ட காற்று அதன் வழியாகப் பிஸ்டனின் உள்வெற்றிடத்துக்குப் போய்விடும். அழுத்தியதும் துளை கூட்டின் சுவரால் மூடிக்கொள்ளும். இடம் கொஞ்சம் தவறினாலும் நிரந்தரக் கசிவு. பழுதுபார்ப்பவரிடமே கொடுத்தேன், அரை மணி நேரத்தில் முடித்தார். துளை போட்டபின் முதல் வால்வுக்கு 'பொப்' சோதனை பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள்.

பின்சேர்க்கை 2: சுழல் வால்வு டியூபா வைத்திருக்கும் ஒரு வாசகி ஃபெல்ட் எங்கே என்று கேட்டார். சுழல் வால்வில் ஃபெல்ட் இல்லை. பின்மூடியைக் கழற்றினால் அச்சின் முனையிலும் அதைத் தாங்கும் தட்டிலும் கோடுகள் தெரியும். நெம்புகோலை அழுத்தியும் விட்டும் பாருங்கள், இரண்டு நிலையிலும் கோடுகள் நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தடுப்பாக இருக்கும் கார்க்கையோ ரப்பரையோ சவரக் கத்தியால் மெல்லச் சீவ வேண்டும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது, ஆகவே கூடுதலாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பின்சேர்க்கை 3: பிரிட்டிஷ் பாணி ஈடுசெய் வால்வுகள் உள்ள ஈ ஃபிளாட் பாஸ் (சற்றுச் சிறிய டியூபா) வைத்திருப்பவர்களுக்கு, நான்காவது வால்வோடு சேர்த்து அழுத்தும் சுரங்களில் இந்த ஸ்லைடு வேலை பெரும்பாலும் தேவைப்படாது; ஒன்று-இரண்டை மட்டும் அழுத்தினால் ஏற்றம் அப்படியே இருக்கும். நான்காவது வால்வை அழுத்தும்போது மற்ற வால்வுகளுக்குக் கூடுதல் குழாய் தானாகவே சேரும்படி அதைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் கசிவையும் பிஸ்டன் உயரத்தையும் பாருங்கள். பிஸ்டன்களில் துளைகள் இரண்டு அடுக்காக இருப்பதால், உயரம் தவறினால் உங்களுக்கு இழப்பு என்னுடையதைவிட அதிகம்.