கால் கோணலா, அளவு கோணலா? லேண்டிங் கியரை வளைக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொழும்பில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்தச் சில பேரும் லேண்டிங் கியர், அதாவது விமானம் தரையில் நிற்கிற காலும் சக்கரமும், அந்த விஷயத்தில் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறோம். "சக்கரம் கோணலாக நிற்கிறது மச்சான், காலைக் கொஞ்சம் வளைத்தால் சரியாகிவிடும்." இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு செலவு வைக்கும் என்பதை நான் கிட்ட நின்று பார்த்தேன்.

என் நண்பன் ஒருவன் இரத்மலானைப் பக்கம் ஒரு ஷெட்டில் பாகங்களாக வாங்கிப் பூட்டுகிற, இரண்டு பேர் இருக்கிற கிட் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். வால் சக்கரம் வைத்தது, பிரதான கால்கள் தட்டையான அலுமினியப் பட்டை. இடது சக்கரம் உள்ளே திரும்பி நிற்கிறது என்று காலைக் கழற்றி ஓட்டோவில் போட்டு, பஞ்சிகாவத்தையில் லொறி ஸ்பிரிங் பட்டை நிமிர்த்துகிற ஒரு பட்டறைக்குக் கொண்டு போனான். அங்கிருந்த பாஸ் கைதேர்ந்தவர்தான், ஆனால் அவர் கை தேர்ந்தது இரும்பில். கேஸ் சுடரைப் பிடித்துக்கொண்டு, சிவக்கட்டும் தம்பி, சிவந்ததும் வளைப்போம் என்று காத்திருந்தார். அது சிவக்கவே இல்லை.

அலுமினியம் சிவக்காது. உருகி ஒழுகுகிற வரைக்கும் அதே வெள்ளி நிறத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். 6061 என்கிற அலுமினியக் கலவை ஏறத்தாழ 580 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும், 7075 என்கிற கலவை இன்னும் கீழே, 480 பாகைக்குக் கிட்ட. அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை, 200 பாகையைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றாலே ஆலையில் ஏற்றிய டி6 என்கிற கடினப் பதம் இறங்க ஆரம்பித்துவிடும். 6061 டி6 பதத்தில் இருக்கும்போது நிரந்தரமாக வளைய ஏறத்தாழ 275 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும், முழுதாக இளகிவிட்டால் 55 போதும். ஐந்தில் ஒரு பங்கு! வெண்ணெய் மாதிரி வளைந்தது என்று நண்பன் சந்தோஷப்பட்டான். வெண்ணெய் மாதிரி வளைந்ததுதான் நோயின் அறிகுறி. திரும்பப் பூட்டி, ஜாக்கை எடுத்து விமானத்தை இறக்கியதும் இடது இறக்கை ஒரு சாண் சரிந்துபோய் நின்றது.

இதில் வயிறெரிகிற சங்கதி என்னவென்றால், அந்தக் கால் முதலில் கோணலே இல்லை.

முதல் தவறு அதுதான், அளக்கத் தெரியாமல் அளப்பது. விமானத்தைப் பின்பக்கமாகத் தள்ளி ஷெட்டுக்குள் விட்டு, அப்படியே சீமெந்துத் தரையில் நூல் பிடித்து அளந்திருக்கிறான். ஸ்பிரிங் கால் சும்மா நிற்கிற கம்பி இல்லை, டயர் தரையைப் பிடித்துக்கொண்டு உரசுகிற திசைக்கு ஏற்பக் கால் முறுக்கி நிற்கும். முன்னால் தள்ளினால் ஒரு அளவு, பின்னால் தள்ளினால் வேறு அளவு. அதனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே இரண்டு தகடு வைத்து, நடுவில் தாராளமாக கிரீஸ் பூசி, விமானத்தை அதன் மேல் உருட்டி ஏற்றி, இரண்டு தரம் அமுக்கி ஆட்டிவிடுங்கள். டயர் தானாக வழுக்கிப் போய்த் தன் இயல்பான இடத்தில் நிற்கும். அப்புறம் அளக்கலாம்.

அதையும் வெறும் விமானமாக வைத்து அளந்தால் பிரயோசனம் இல்லை. ஆள், எரிபொருள் எல்லாம் ஏறினால் கால்கள் விரியும், கேம்பர், அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாய்கிற சாய்வு, மாறும். நாங்கள் இருக்கைகளில் 50 கிலோ சீமெந்து மூட்டை ஒவ்வொன்று வைத்து, மேலே ஒரு பழைய சாரத்தைப் போர்த்திவிட்டு அளந்தோம், பார்க்க இரண்டு மாமாமார் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. மூக்கிலும் வாலிலும் இருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நடுக்கோடு போடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் அந்தக் கோட்டிலிருந்து தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டு டயருக்கும் இடையில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால், இரண்டுமே இடது பக்கம் திரும்பியிருந்தாலும் கணக்கு பூச்சியம் என்றுதான் வரும். 380 மில்லிமீற்றர் விட்டமுள்ள டயரில் 1 பாகை என்பது முன்னுக்கும் பின்னுக்கும் 6.6 மில்லிமீற்றர் வித்தியாசம், ஆகவே தையல் நாடாவால் அளந்து அரைப் பாகை பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

வால் சக்கர விமானத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. வால் தரையில் இருக்கும்போது அளப்பதா, தூக்கி மட்டமாக வைத்தா? இரண்டிலும் அளந்து எழுதி வையுங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருந்தால், வால் இறங்கும்போது அந்தச் சாய்வில் ஒரு பங்கு டோ-இன் ஆக, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்புவதாக, மாறும். 4 பாகை சாய்வும் 12 பாகை மூக்குத் தூக்கலும் இருந்தால் கிட்டத்தட்ட 0.8 பாகை. ஒன்றுமில்லாத இடத்தில் கோணல் 'தோன்றுவது' பெரும்பாலும் இதனால்தான்.

இந்த 0.8 பாகைக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டால், விமானம் ஓடுபாதையில் இடது பக்கம் இழுத்தது என்று வையுங்கள், பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அந்தச் சக்கரம் டோ-இன் ஆக, அதாவது இடது பக்கம் பார்த்து நின்றால், விமானத்தை இன்னும் இடது பக்கம் இழுக்கும், சுற்றி அடித்துவிடும். கொஞ்சம் வெளியே பார்த்து, அதாவது டோ-அவுட் ஆக நின்றால் அதே பாரம் விமானத்தை நேராக்கப் பார்க்கும். அதனால் வால் சக்கர விமானத்துக்குப் பூச்சியமோ சொற்ப டோ-அவுட்டோ நல்லது என்பது என் கருத்து. காருக்கு டோ-இன் வைப்பார்கள்தானே என்று அலைன்மென்ட் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு இதைத் தொடாதீர்கள். உங்கள் கிட்டின் வரைபடம் வேறு அளவு சொன்னால் வரைபடம்தான் முதல்.

சரி, உண்மையிலேயே ஒன்றிரண்டு பாகை பிழைதான் என்று வந்தாலும் வளைக்க வேண்டியதில்லை. அச்சுத் தகடும் காலும் சேருகிற இடத்தில் ஆப்பு மாதிரிச் சீவிய ஷிம் என்கிற மெல்லிய தகட்டை வைத்தால் போதும், அரைப் பாகை, ஒரு பாகை என்று கிடைக்கும். இங்கே நடக்கிற கோமாளித்தனம், ஷிம்முக்குப் பதிலாக இரண்டு போல்ட்டுக்கு மட்டும் வாஷர் அடுக்குவது. தகடு முழுதாகப் பதியாமல் இரண்டு புள்ளியில் நிற்கும், இறங்குகிற அடியெல்லாம் போல்ட் மேலேயே விழும். ஷிம் வைத்ததும் பழைய போல்ட் நீளம் காணாது என்று பழைய சோனகத் தெருவுக்கு ஓடி ஹார்ட்வெயார் போல்ட் வாங்குவதும் வேண்டாம். விமானத்துக்கான ஏஎன் உருக்கு போல்ட்டின் தலையில் சிலுவையோ நட்சத்திரமோ அடித்திருக்கும், அதில் ஒரு அளவு நீளமானதை வரவழையுங்கள். பிரேக் கலிப்பர் இன்னும் உரசாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

வளைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் உலோகம் என்னவென்று அறியுங்கள். பதமேற்றாத 4130 உருக்குக் குழாயைச் சிவக்கக் காய்ச்சி வளைக்கலாம், ஆனால் தண்ணீர் ஊற்றாமல் காற்றில் ஆற விட வேண்டும், ஊற்றினால் கண்ணாடியாகிவிடும். 6150 ஸ்பிரிங் உருக்குக் கால் ஏற்கெனவே பதமேற்றியது. அதற்குச் சுடரும் ஆகாது, வெல்டிங்கும் ஆகாது, செய்தவர்களிடமே அனுப்புங்கள். அலுமினியப் பட்டை என்றால் குளிராகவே, பிரெஸ்ஸில், வரைபடம் சொன்ன ஆரத்துக்குக் குறையாத உருளைக் கட்டையின் மேல், தகடு உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்காக வளைக்க வேண்டும். 7075 பதமேறிய பிறகு வளைக்கப்போனால் வெடிப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

வளைப்பதற்கு முன் விளிம்புகளை அரத்தால் உருட்டி, நைஸ் பேப்பர் போட்டு வழவழப்பாக்குங்கள். வெடிப்பு எப்போதும் கீறலில்தான் பிறக்கும். வைஸின் பல் பட்ட தடம், 'இடது' என்று உளியால் குத்திய எழுத்து, எல்லாமே கீறல்தான். பென்சிலால் கோடு போடவும் கூடாது, கிராபைட் அலுமினியத்தை அரிக்கும், மார்க்கர் பேனா போதும். வளைத்த பிறகு, வெடிப்பைக் காட்டிக்கொடுக்கிற சாயமான டை பெனிட்ரண்ட் அடித்து வெளிப்பக்கத்தைப் பாருங்கள். மயிரிழை மாதிரிச் சிவப்புக் கோடு தெரிந்தால் அந்தக் கால் முடிந்தது.

காலைக் கழற்றாமல், இரண்டு கால்களுக்கும் நடுவே ஜாக் வைத்து விரிக்கிறவர்களும் உண்டு. நெரிபடுவது கால் மட்டும் இல்லை, உடலில் அது பூட்டியிருக்கிற பிராக்கெட்டும் போல்ட் ஓட்டைகளும்தான். பலமாக இறங்கி விரிந்துபோன காலைத் திருப்பி நிமிர்த்துவது அதைவிட மோசம். ஒரு பக்கம் வளைந்த உலோகம் எதிர்ப்பக்கம் முன்னைவிடச் சுலபமாக இணங்கும், அடுத்த இறக்கத்தில் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. இரத்மலானையில் கடற்காற்று வேறு, பெயின்ட் உரிந்த உருக்குக் கால் மழைக்காலம் முடிவதற்குள் துருப் பிடித்துப் புள்ளி விழும்.

நண்பன் புதுக்கால் வரவழைத்துப் பூட்டி, இரண்டு பக்கமும் அரைப் பாகை ஷிம்மோடு நிறுத்தினான். பழைய கால் பெஞ்சுக்குக் கீழே கிடக்கிறது. அச்சு முன்னே பின்னே நகர்ந்தால் மூக்குக் குத்துகிற கணக்கும் மாறும், அதனால் இந்த ஞாயிறு மூன்று தராசு வைத்து மறுபடி நிறுக்கிறோம். மாமாமார் இல்லாமல், வெறும் விமானமாக.