பேடில் டிரம்ஸ் அடிப்பவர்களே, இடது காலுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

கம்பியூட்டரோடு இணைத்த கொன்ட்ரோலரின் ரப்பர் பேடில் விரலால் அடிக்கப் பழகி, கிக் டிரம்மும் ஸ்னெயார் டிரம்மும் சரியான இடத்தில் விழத் தொடங்கிய பிறகும் பதிவைப் போட்டுக் கேட்டால் மெஷின் அடித்ததுபோலவே இருக்கிறதா? அநேகமாகக் குற்றம் ஹை-ஹட்டில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடிச் சிம்பலில், இருக்கும். நிஜ டிரம் செட்டில் இருப்பவர் இடது காலால் அதைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். நாமோ அந்தக் காலை மேசைக்கடியில் சும்மா வைத்துவிட்டு எல்லாவற்றையும் விரல்களிடமே கேட்கிறோம். இன்னும் பெரிய கொன்ட்ரோலர் வாங்க யோசிப்பவர்கள் முதலில் ஒரு சஸ்டெயின் பெடலை, அதாவது கீபோர்ட்டில் ஒலியை நீட்ட மிதிக்கும் பெடலை, வாங்குங்கள்.

பெடல் என்றதும் பலரும் அதைக் கிக்குக்குத்தான் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சஸ்டெயின் பெடல் வெறும் சுவிட்ச், மெதுவாக மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் ஒரே அளவுதான் அனுப்பும், கிக் முழுக்க ஒரே சத்தத்தில் வந்தால் கேட்கச் சகிக்காது. கிக் விரலிலேயே இருக்கட்டும். ஹை-ஹட்டைக் காலால் மூடும்போது வரும் 'சிக்' ஒரே அளவில் வந்தாலும் பாதகமில்லை.

பொருள்கள்: பெடல் துளை உள்ள பேட் கொன்ட்ரோலர் ஒன்று. அகாய் எம்பிகே மினியின் இப்போதைய வகைகளில் 8 பேடும் சஸ்டெயின் துளையும் இருக்கின்றன. எம்பிடி218-இல் 16 பேட் உண்டு, பெடல் துளை கிடையாது. அது வைத்திருப்பவர்கள் வீட்டிலுள்ள யூஎஸ்பி கீபோர்ட்டில் பெடலைச் செருகி இரண்டையும் சேர்த்துப் பாவிக்கலாம். பெடலில், அடியில் போலாரிட்டி சுவிட்ச் (மிதித்தால் ஒன்னா ஓஃபா என்பதை மாற்றுவது) உள்ளதையே வாங்குங்கள், எம்-ஆடியோ எஸ்பி-2 போல. திருகோணமலையில் தேடி அலைந்துவிட்டு நான் கொழும்பிலிருந்துதான் எடுப்பித்தேன். சின்னச் சதுரப் பெடல் சீமெந்துத் தரையில் வழுக்கும், கீழே ஒரு ரப்பர் துண்டு போடுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் விண்டோஸுக்கு.

1. தாமதத்தைக் குறையுங்கள். தனி ஓடியோ இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் ஏசியோ4ஆல் என்ற ஓடியோ டிரைவரைப் போட்டு, பஃபரை (கம்பியூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்குக் கொண்டுவாருங்கள். 44,100 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 3 மில்லிசெக்கன், 512 என்றால் 12-ஐ நெருங்கும், விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியும். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். கரண்ட் போய் லெப்டொப் பற்றரியில் ஓடும்போது சத்தம் வெடித்து வெடித்து வந்தால் பவர் சேவிங்கை நிறுத்துங்கள்.

2. பேடில் 'ஃபுல் லெவல்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எரிந்தால் எல்லா அடியும் உச்ச வெலோசிட்டியான (அடியின் பலம்) 127-ஆகவே போகும். ஸ்னெயாரை இரண்டு பேடில் வையுங்கள், கைக்கு ஒன்று. இடையில் வரும் மெல்லிய அடிகள் 25 முதல் 40-க்குள் விழுந்தால் போதும்.

3. பெடலை நோட்டாக மாற்றுவது. எனக்கு இழுத்தடித்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிடியில் (இசைக் கருவிகளும் கம்பியூட்டரும் பேசிக்கொள்ளும் முறை) ஒவ்வொரு டிரம் ஒலிக்கும் ஒரு நோட் எண் உண்டு. பெடல் அனுப்புவது நோட் அல்ல, கன்ட்ரோல் சேஞ்ச் 64 என்ற வேறு வகைச் செய்தி. டிரம் பிளகினுக்கு (டிரம் ஒலி தரும் மென்பொருளுக்கு) அது எதற்கும் உதவாது. அதை 44-ஆம் நோட்டாக, அதாவது ஜெனரல் மிடி என்ற பொது எண் வரிசையில் பெடல் ஹை-ஹட்டாக, மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு மென்பொருள்கள் வேண்டும்: கம்பியூட்டருக்குள் மிடியைக் கடத்தும் லூப்மிடி, மிடியை மாற்றித் தரும் மிடி-ஒக்ஸ். லூப்மிடியில் ஒரு போர்ட் உருவாக்குங்கள். மிடி-ஒக்ஸில் கொன்ட்ரோலரை இன்புட்டாகவும் அந்தப் போர்ட்டை அவுட்புட்டாகவும் தெரிவு செய்யுங்கள். பதிவு செய்யும் மென்பொருளில் இன்புட்டாக இருக்க வேண்டியது இந்தப் போர்ட்தான். அப்புறம் ஒப்ஷன்ஸ், டேட்டா மேப்பிங்: உள்ளே வருவது கன்ட்ரோல் சேஞ்ச் 64, வெளியே போவது நோட் ஒன் 44, வெலோசிட்டி 0 முதல் 90 வரை. மேப்பை ஒன் செய்ய மறக்காதீர்கள், அதற்கு அதே ஜன்னலில் தனியாக ஒரு இடம் இருக்கிறது.

மிடி-ஒக்ஸின் மொனிட்டரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அது எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், 64 என்பது 40 என்றும் 127 என்பது 7எஃப் என்றும் தெரியும். அங்கே 40-ஐப் பார்த்துவிட்டு மேப்பிலும் 40 என்று போட்டால் ஒன்றும் நடக்காது.

சனலையும் கவனியுங்கள். பல கொன்ட்ரோலர்களில் பேட் 10-ஆம் சனலில் போகும், பெடல் 1-இல் போகும். மேப்பில் வெளியே போவதை 10 ஆக்கிவிடுங்கள்.

இப்போது மிதித்துப் பாருங்கள். மிதிக்கும்போது சத்தமில்லை, காலை எடுக்கும்போது 'சிக்' வருகிறதா? போலாரிட்டி தலைகீழாக இருக்கிறது. மேப்பைக் கலைக்க வேண்டாம். பெடலின் அடியிலுள்ள சுவிட்சை மாற்றுங்கள், அல்லது பெடலைச் செருகி, அதில் கால் வைக்காமல், கொன்ட்ரோலரை அணைத்துப் போடுங்கள். பல கருவிகள் ஒன் ஆகும் நேரத்தில்தான் பெடல் எந்த வகை என்று பார்க்கும், அப்போது பெடலின் மேல் கால் இருந்தால் தலைகீழாகவே எடுத்துக்கொள்ளும். சரியாக இருந்தால் காலை எடுக்கும்போது வெலோசிட்டி 0 போகும். மிடியில் அதற்கு நோட் ஓஃப் என்றுதான் அர்த்தம், அதனால் இரண்டாவது சத்தம் வராது.

4. பிளகினில் 42 (மூடிய ஹை-ஹட்), 44, 46 (திறந்த ஹை-ஹட்) மூன்றையும் ஒரே சோக் குரூப்பில் போடுங்கள், ஒன்று அடித்தால் மற்றது நின்றுவிடும். சிலவற்றில் மியூட் குரூப் என்றிருக்கும். பேடிலிருந்து விரலை எடுத்ததும் 46 நின்றுவிட்டால் அதை வன்-ஷொட் ஆக்குங்கள், அது கால் மிதிக்கும்வரை ஒலிக்க வேண்டும். பழகுவதற்கு, நாலாவது எண்ணிக்கைக்குப் பிறகு வரும் அரை இடத்தில் 46-ஐ அடித்து, அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையில் பெடலை மிதித்து, கிக்கையும் சேர்த்து அடியுங்கள். கால் முதலில் பிந்தும். வேகத்தைப் பாதியாக்கி அடியுங்கள்.

பாதி திறந்த ஹை-ஹட் வேண்டுமென்றால் சுவிட்ச் போதாது, எக்ஸ்பிரஷன் பெடலும் அதற்கான துளையும் வேண்டும். அது வழக்கமாகக் கன்ட்ரோல் சேஞ்ச் 11-ஐ அனுப்பும், அதே மேப்பில் கன்ட்ரோல் சேஞ்ச் 4 ஆக்குங்கள். ஆனால் பல பிளகின்களில் 42-ஐ அடித்தால் எப்போதும் மூடிய ஒலிதான் வரும், பெடலுக்கு இணங்கும் நோட் வேறாக இருக்கும். மேப்பிங் பக்கத்தில் அதைத் தேடி எடுத்துப் பேடில் வையுங்கள்.

மிருதங்கச் சாம்பிள் வைத்து அடிப்பவர்களுக்கு இந்த எக்ஸ்பிரஷன் பெடல் இன்னொரு விதத்தில் உதவும். தொப்பியில் (இடப்பக்கத்தில்) வரும் கும்கிக்கு, அதாவது வளைந்து வரும் ஒலிக்கு, அதைச் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டாக மாற்றிவிடலாம். தொப்பி ஒலிகளைத் தனிச் சனலில் வையுங்கள், இல்லாவிட்டால் வலந்தலையும் (வலப்பக்கமும்) சேர்ந்து வளையும். பேடில் அழுத்தம் உணரும் வசதி இருந்தால் அதுவே மேல், மணிக்கட்டால் அழுத்தும் உணர்வுக்கு அதுதான் கிட்ட வரும்.

பின்சேர்க்கை: ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பதிவு செய்யும் மென்பொருளான ரீப்பரில் லூப்மிடியும் கொன்ட்ரோலரும் இரண்டுமே இன்புட்டாக ஒன் ஆகியிருக்கும். அந்த இன்புட் பட்டியலில் கொன்ட்ரோலரை அணைத்து லூப்மிடியை மட்டும் விடுங்கள். மிடி-ஒக்ஸ் கொன்ட்ரோலரைத் திறக்க மறுத்தாலும் பெரும்பாலும் இதே காரணம்தான், ரீப்பர் முதலே அதைப் பிடித்து வைத்திருக்கும். மிடி-ஒக்ஸை முதலில் திறக்கப் பழகுங்கள்.

இன்னொன்று, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக இருப்பவர்களுக்கு. பெடல் சில நாள் நன்றாக வேலை செய்து, பிறகு தானாகவே 'சிக் சிக்' என்று அடிக்கத் தொடங்கினால் உப்புக் காற்றில் பிளக் கறுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொன்டாக்ட் கிளீனரை ஒரு துணியில் அடித்து, பிளக்கைத் துடைத்து, சில தடவை செருகி எடுங்கள்.