எஸ்எக்ஸ்-70: ஃபிலிமை வீணடிக்கும் தவறுகள்

1972-இல் வந்த, எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் போலராய்டு எஸ்எக்ஸ்-70 மடக்கு கேமரா இன்றும் புதுப் புது கைகளுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. வாங்கியவர்கள் கொண்டுவந்து காட்டும் முதல் எட்டுப் படங்களில் அதே கோளாறுகள்தான் இருக்கும். படத்தை உதறக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம், அதை விட்டுவிடலாம்.

தப்பான ஃபிலிமைப் போட்டுவிட்டு, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை நம்புவது

இதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒரு பேக் (எட்டுப் படங்கள் கொண்ட ஃபிலிம் பெட்டி) முழுவதும் போய்விடும்.

கடையில் இந்த அளவில் மூன்று வகைப் பேக் கிடைக்கும்: எஸ்எக்ஸ்-70, 600, ஐ-டைப். ஐ-டைப் பேக்கில் பேட்டரி கிடையாது. எஸ்எக்ஸ்-70-க்கு மின்சாரமே பேக்கிலிருந்துதான் வரவேண்டும் என்பதால் கேமரா அசையாது. வாங்கியவர் கேமரா செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார். 600 பேக்கில் பேட்டரி உண்டு, மோட்டார் ஓடும், படமும் வெளியே வரும். அதனால்தான் அது ஆளை நன்றாக ஏமாற்றும்.

எஸ்எக்ஸ்-70 ஃபிலிமின் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் வேகம்) சுமார் 160, 600 ஃபிலிமுக்கு 640. நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு). கேமராவுக்கு இந்த மாற்றம் தெரியாது. பழைய கணக்கிலேயே ஷட்டரைத் திறந்து வைக்கும், படம் வெளுத்துப் போகும். "சக்கரத்தைக் கறுப்புப் பக்கம் முழுசாகத் திருப்பிவிட்டேனே" என்பார்கள். முழுதாகத் திருப்பினாலும் ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப்தான் குறையும். அதோடு சக்கரம் தீர்ந்துவிடுகிறது. கறுத்த சுவர் முன்னால் ஆளை நிறுத்தினால் திருத்தம் செய்ய மிச்சம் எதுவும் இருக்காது.

இதற்கு வழி, வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் இரண்டு ஸ்டாப் என்டி ஃபில்டர். பேக்கின் மேல் செருகும் தகடாகவோ லென்ஸ் மேல் மாட்டுவதாகவோ இருக்கலாம். வெளிச்சத்தை அளக்கும் கண் லென்ஸுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அதன்மேல் ஃபில்டரை ஒட்டுகிறவர்களும் உண்டு. கண்ணை மறைத்தால், இருட்டாக இருக்கிறது என்று நினைத்துக் கேமரா இன்னும் அதிக நேரம் திறந்திருக்கும். ஏற்கனவே வெளுத்த படம் மேலும் வெளுக்கும். பேக் மேல் வைத்த ஃபில்டரைக் காலிப் பேக்கோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

600 பேக்கின் அடியில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும், உள்ளே தள்ளும்போது தடுக்கும். ஒரு மெல்லிய அட்டையை அடியில் கொடுத்து நழுவவிடுங்கள். கட்டைவிரலால் அழுத்தித் திணிக்க வேண்டாம்.

ரோலரைத் துடைக்காதது

படம் வெளியே வரும் வழியில் இரண்டு ரோலர்கள். படத்தின் அகலமான வெள்ளை விளிம்பில் அடைத்திருக்கும் ரசாயனப் பையை நசுக்கி, பசையைச் சீராகப் பரப்புவது அவற்றின் வேலை. பசை கசிந்து காய்ந்து மேலே ஒட்டியிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அதே அச்சு விழும். சம இடைவெளியில் புள்ளிகள் தெரிந்தால் காரணம் இதுதான், லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம்.

பேக் காலியானதும், அடுத்ததைப் போடும் முன், முன்கதவைத் திறந்து, நூல் உதிராத துணியை லேசாக ஈரமாக்கித் துடையுங்கள். ஓரத்துப் பல்சக்கரத்தை விரலால் சுழற்றினால் ரோலர் திரும்பும், எல்லாப் பக்கமும் துடைக்கலாம். நகத்தாலோ கத்தியாலோ சுரண்டினால், அந்தக் கீறல் இனி எல்லாப் படத்திலும் வரும்.

படம் வந்த கையோடு வெளிச்சத்தில் பிடிப்பது

இப்போதைய ஃபிலிமுக்கு வெளியே வந்த முதல் சில நொடிகள்தான் ஆபத்து. படத்தோடு சேர்ந்து சுருள் விரியும் மறைப்பு ஒன்று தனியாக விற்கிறார்கள், மாட்டிக்கொள்ளுங்கள். ஐந்து நொடி பொறுத்து, படத்தைக் கவிழ்த்து வையுங்கள். கலர் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும்.

வெயில்

13 முதல் 28 டிகிரி வரைதான் ஃபிலிமுக்கு ஏற்றது. சென்னை மத்தியானத்தில் மஞ்சளும் சிவப்பும் ஏறும். எடுத்த படத்தை மேல்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைக்காமல் நிழலில் வையுங்கள். பேக்குகளுக்கு ஃபிரிட்ஜ் சரி, ஃப்ரீசர் கூடாது.

சத்தம் கேட்டதும் கேமராவை இறக்குவது

முதலில் கேட்பது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி எழும்பும் சத்தம். ஷட்டர் அதற்குப் பிறகுதான் திறக்கும், மங்கிய அறையில் பல நொடி திறந்தே இருக்கும். படத்தை வெளியே தள்ள மோட்டார் ஓடும்வரை அசையாதீர்கள்.

பலத்தால் மடிப்பது

பக்கத்துத் தாங்குகோலை அம்புக்குறிப் பக்கம் தள்ளிய பிறகே மேல்மூடியை அழுத்துங்கள்.

எண்ணிக்கை 2-இல் நின்றால்

கேமரா பழுதில்லை. மிச்சப் படங்களைக் காட்டும் எண் 10-இலிருந்து இறங்கும்; அந்தக் காலப் பேக்கில் பத்துப் படம், இப்போது எட்டு.