வேக மெட்டல் வாசிப்பவர்கள் கிட்டார் செட்டப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 பீட்) வேகத்தில், பீட்டுக்கு நான்கு நோட் என்று பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) அடித்தால் ஒரு நோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 75 மில்லி விநாடி. ஸ்டாண்டர்டு ட்யூனிங்கில் ஆறாவது கம்பி (மிகத் தடித்த ஈ கம்பி) விநாடிக்கு 82 தடவை சொச்சம் அதிர்கிறது. ஆக, அது ஆறு தடவை ஆடி முடித்ததுமே அடுத்த அடி விழுந்துவிடும். ட்யூனிங்கைத் தாழ்ந்த பி சுரம் வரை இறக்கியிருந்தால் நாலரை தடவைதான். அடி வாங்கிய கம்பி அடங்கி, ஒரு சுருதியில் நிற்கும் கட்டம் இந்த வேகத்தில் வருவதே இல்லை. காதில் விழுவதெல்லாம் பிக் பட்ட முதல் கணம் மட்டும்தான்.

மெதுவாக வாசிப்பவருக்குக் கச்சிதமாக இருக்கும் செட்டப் இங்கே காலை வாருவது இதனால்தான். கை இன்னும் பழகவில்லை என்று நினைத்து மெட்ரோனோமோடு மல்லுக்கட்டும் பலருக்குச் சிக்கல் கையில் இல்லை, கிட்டாரில் இருக்கிறது.

ட்யூனிங்கை இறக்கிவிட்டுக் கம்பியை அப்படியே விடுவது

இதுதான் பெரிய தவறு, அதிகம் பேர் செய்வதும் இதுதான். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு இழுவிசை போய்விடும். சி-க்கு இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காலி. எடையாகச் சொன்னால், 25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) உள்ள கிட்டாரில் 0.046 அங்குலக் கம்பி ஈ-யில் ஏறத்தாழ 8 கிலோ இழுவிசையில் நிற்கும். அதே கம்பி சி-யில் 5 கிலோதான். அந்த இடத்தில் 0.056 கம்பியைப் போட்டால் மறுபடியும் 7.5 கிலோவுக்கு வந்துவிடும்.

தளர்ந்த கம்பி பிக்கை எதிர்த்து நிற்காது. கீழே அடித்தால் கூடவே கீழே போகும். மேலே வரும் பிக் கம்பியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். நிதானமான வேகத்தில் இது தெரியாது. 180-ஐத் தாண்டியதும் ஒரு அடி அழுத்தமாகவும் அடுத்தது சப்பென்றும் விழும். அதைச் சரிக்கட்ட முழங்கையை இறுக்கிக்கொள்வோம், கொஞ்ச நேரத்தில் முன்கை மரத்துப்போகும்.

டிராப் ட்யூனிங்கில் (ஆறாவது கம்பியை மட்டும் கூடுதலாக இறக்குவது) இன்னொரு கண்ணி இருக்கிறது. டிராப் சி-யில் மற்ற ஐந்து கம்பிகளும் ஒரு முழுச்சுரம்தான் இறங்குகின்றன, ஆறாவது மட்டும் இரண்டு முழுச்சுரம் இறங்குகிறது. அதனால் சாதாரண 11 செட்டை (முதல் கம்பி 0.011 அங்குலம்) வாங்கி மாட்டினால் மற்ற கம்பிகள் சரியாக இருந்தும் ஆறாவது மட்டும் தொளதொளவென்று கிடக்கும். அடிக்கம்பிகள் மட்டும் தடித்த செட்டுகள் இதற்காகவே வருகின்றன. இல்லாவிட்டால் ஆறாவது கம்பியைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். 24.75 அங்குல ஸ்கேல் கிட்டார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி தடிமனாகப் போவது நல்லது. அதே கம்பி, அதே சுருதி என்றாலும் அதில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறைவு.

பிளாக் சப்பாத் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி தளர்ந்த கம்பியில்தானே மெட்டலையே உருவாக்கினார் என்று கேட்கலாம். ஆலை விபத்தில் விரல் நுனிகளை இழந்தவர் அவர். மெல்லிய கம்பியும், 1971 வாக்கில் சி ஷார்ப் வரை இறக்கிய ட்யூனிங்கும் அவர் விரல்களுக்கு வசதியாக இருந்தன. ஆனால் அவருடைய ரிஃபுகளில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகள்) பெரும்பாலானவை நிதானமாக நடப்பவை. தளர்ந்த கம்பியின் அசைவே அங்கே அழகு. த்ராஷ் என்ற வேக மெட்டல் வகையில், கீழ்நோக்கி மட்டுமே அடிக்கும் டவுன்பிக்கிங்குக்கு அது உதவாது.

சரி, அதற்காகக் கிடைத்ததிலேயே தடித்த கம்பியைத் தேடி ஓடவும் வேண்டாம். மிகத் தடித்த கம்பி விறைத்துப்போய் ஒலி மழுங்கும், சோலோவில் பெண்ட் பண்ணும்போது (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போது) விரல் நோகும். பி-க்கும் கீழே போகிறவர்கள் தடிமனை ஏற்றிக்கொண்டே போவதை விட 26.5 அல்லது 27 அங்குல ஸ்கேலுக்கு மாறுவது மேல் என்பது என் கருத்து.

அடங்கிய ஒலியை வைத்து ட்யூன் செய்வது

ட்யூனரில் பெரும்பாலானவர்கள் செய்வது இது: கம்பியை மெதுவாகத் தட்டி, முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, நடுவில் வந்ததும் அடுத்த கம்பிக்குப் போவது. ஓங்கி அடித்த கம்பி அகலமாக ஆடும், ஆடும்போது இழுபடும், இழுபட்டால் சுருதி ஏறும். பிறகுதான் மெல்ல இறங்கி அடங்கும். தடித்த, தாழ்ந்த கம்பியில் இந்த ஏற்றம் காதுக்கே தெரிகிற அளவுக்கு இருக்கும். நீங்கள் ட்யூன் செய்தது அடங்கிய சுருதிக்கு. வாசிக்கப்போவதோ ஏறிய சுருதியில். பேஸும் கிட்டாரும் தனித்தனியே சரியாக இருந்தும் சேர்ந்து வாசித்தால் கசப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பாட்டில் எந்த அழுத்தத்தில் அடிக்கிறீர்களோ அதே அழுத்தத்தில், அதே பிக்கால், கம்பியை விடாமல் அடித்துக்கொண்டே முள்ளைப் பாருங்கள். அது நடுவில் நிற்குமாறு வையுங்கள். அப்புறம் அதே கம்பியை நீளமாக ஒலிக்கவிட்டால் சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்து கேட்கும், அது பரவாயில்லை. பாட்டு முழுக்க ட்ரெமோலோ பிக்கிங் (ஒரே நோட்டை மேலும் கீழுமாக வேகமாக அடிப்பது) என்றால் அடியின் பக்கம் சாயுங்கள். இடையில் நீண்டு ஒலிக்கும் கார்டுகள் நிறைய இருந்தால் நடுவாந்தரமாக ஓர் இடத்தில் நிறுத்துங்கள். இறுக்கமான கம்பியில் இந்த ஏற்றம் குறைவு என்பதால், முதல் தவறைத் திருத்தினால் இதில் பாதி தானே சரியாகிவிடும்.

இடது கையும் சுருதியைக் கெடுக்கும். வேகம் கூடக் கூட நம்மை அறியாமல் அழுத்தமும் கூடுகிறது. உயரமான ஜம்போ ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) தளர்ந்த கம்பியை ஓங்கி அழுத்தினால் நோட் ஷார்ப் ஆகும், அதாவது சுருதி ஏறும். பவர் கார்டில் (அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்தது) ஒரு விரல் மட்டும் அதிகமாக அழுத்தினாலும் கார்டு கோணும். இதை எந்த ட்யூனரும் காட்டாது.

கூடவே ஒன்று. பவர் கார்டில் வரும் ஐந்தாம் சுரம் சமசுருதி முறையில் (ஆக்டேவைப் பன்னிரண்டு சமப் பங்காகப் பிரிப்பது) தூய சுருதியிலிருந்து 2 சென்ட்தான் விலகியிருக்கும், டிஸ்டார்ஷன் அதைப் பொறுத்துக்கொள்ளும். மேஜர் மூன்றாம் சுரம் 14 சென்ட் விலகியிருக்கும். அதிக கெயினில் (டிஸ்டார்ஷனின் அளவு) முழு மேஜர் கார்டு அடித்து, உறுமலாக வருகிறதே என்று ட்யூனிங் கீயைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். அது உங்கள் கிட்டாரின் கோளாறு இல்லை.

ஆக்‌ஷன் தாழ்ந்தால் வேகம் வரும் என்று நம்புவது

இங்கே பேசுவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரத்தை. அது தாழ்ந்தால் வேகம் என்பது இடது கைக்கு ஓரளவு உண்மைதான். ஆனால் வேக ரிதத்தில் பெரும்பாலும் திணறுவது வலது கை. ஆக்‌ஷனை அளவுக்கு மீறி இறக்கினால் ஓங்கி அடித்த கம்பி ஃப்ரெட்களில் மோதும், அடியின் கனம் போய்விடும், பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி அடிப்பது) மூச்சுத்திணறியது போல் ஒலிக்கும். 12-ஆம் ஃப்ரெட்டில் முதல் கம்பிக்கு 1.5 மில்லிமீட்டர், ஆறாவதுக்கு 2 மில்லிமீட்டர் என்று தொடங்கி, உங்கள் அடிக்கு ஏற்ப ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஆம்ப் இல்லாமல் கேட்கும் லேசான இரைச்சலுக்குப் பயந்து உயர்த்தவும் வேண்டாம். ஆம்பில் கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆக்‌ஷனை ட்ரஸ் ராடால் சரிசெய்யப் பார்ப்பது இதன் கூடப்பிறந்த தவறு. ட்ரஸ் ராட் (நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டு) நெக்கின் வளைவுக்கு, சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) உயரத்துக்கு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் கம்பியை அழுத்தினால் 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டில் 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி அதிகமென்றால் வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்கி, மறுபடி ட்யூன் செய்து பாருங்கள். ஒரே மூச்சில் திருகாதீர்கள். மெல்லிய கம்பியோடு ட்யூனிங்கை இறக்கினால் நெக் பின்னோக்கி நிமிரும், முதல் சில ஃப்ரெட்களில் மட்டும் இரைச்சல் வரும். தடித்த கம்பி போட்டு இழுவிசை கூடினால் முன்னோக்கி வளையும். ஆகவே ட்யூனிங்கோ தடிமனோ மாறும்போதெல்லாம் இதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வரிசையும் முக்கியம். கம்பி, ட்யூனிங், நெக் வளைவு, ஆக்‌ஷன், இன்டொனேஷன் (நெக் முழுவதும் சுருதி சரியாக நிற்பது) என்று போக வேண்டும். இன்டொனேஷனை முதலில் செய்துவிட்டு ஆக்‌ஷனை மாற்றினால் செய்த வேலை வீண். பழைய கம்பியில் இன்டொனேஷன் பார்ப்பதும் வீண். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய நோட் அதே இடத்து ஹார்மோனிக்கை (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) விட ஷார்ப்பாக இருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், ஃபிளாட் என்றால் முன்னுக்கு. தடித்த ஆறாவது கம்பிக்குச் சேடில் கடைசிவரை போயும் போதாமல் நிற்பது உண்டு.

நட், ஃபிளாய்ட் ரோஸ், மற்ற சில்லறைகள்

தடித்த கம்பியைப் பழைய நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் திணித்தால் அது அங்கே சிக்கிக்கொள்ளும். ட்யூனிங் கீயைத் திருப்பும்போது 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் குற்றவாளி நட்தான். பள்ளத்தை அகலப்படுத்தலாம், ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் கூடினால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் இடிக்கும். கை நடுங்குமென்றால் கிட்டார் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

மிதக்கும் ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (வாமி பார் என்ற கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்குவது) கம்பிகளின் இழுப்புக்கும் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுப்புக்கும் நடுவே நிற்பது. தடிமனை மாற்றிவிட்டு ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டால் பிரிட்ஜ் சாயும், ஆக்‌ஷனும் இன்டொனேஷனும் கூடவே சாயும். பிரிட்ஜ் உடலுக்கு இணையாக வரும்வரை பின்பக்க ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். ஃபைன் ட்யூனர்களை நடுவில் வைத்துவிட்டு நட்டைப் பூட்டுங்கள். பாம் மியூட்டின்போது கையின் கனத்தைப் பிரிட்ஜின் பின்புறம் போட்டால் அது கீழே அழுந்திச் சுருதி ஏறும். குதிரைப் பாய்ச்சல் போன்ற தாளத்தில் வரும் கேலப் ரிஃபில் இது நன்றாகவே கேட்கும். வாமி பார் தொடாதவர்கள் ஒரு மரத்துண்டு வைத்து பிரிட்ஜை அசையாமல் அடைத்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தப் பகுதி) கம்பிக்கு ஒட்டி ஏற்றினால் ஒலி காத்திரமாகும் என்பது பாதி உண்மை. மிக நெருங்கினால் காந்தம் தாழ்ந்த கம்பியை இழுத்து, அதிர்வையே குழப்பும், நோட்டும் அலையும்.

கடைசியாக, ரிஃப் சட்டென்று நிற்கும் இடத்தில் ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் மிஞ்சினால் கெயினையோ நாய்ஸ் கேட்டையோ (இரைச்சலை அடைக்கும் கருவி) தொடுவதற்கு முன் நட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பித் துண்டுகளைக் கையால் பொத்திப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் அங்கே ஒரு துணிப்பட்டையைச் சுற்றினால் போதும். நிற்கவில்லை என்றால் ஃபிளாய்ட் ரோஸ் கிட்டாரில் பின்பக்க ஸ்பிரிங்குகளாக இருக்கலாம். அவற்றின் அடியில் சிறிது ஃபோம் செருகுங்கள்.