22 வரிசை, 12 சதுரம்: 'ஷாட்டர்' படத்தை நாமே வரையலாம்

ஜெர்மன் மொழியில் 'ஷாட்டர்' என்றால் ஜல்லி. சீமென்ஸில் வேலை பார்த்த கியோர்க் நீஸ் 1968 வாக்கில் கணினியை வைத்து வரைந்த படத்தின் பெயர் அது. மேலே ஒழுங்காக அடுக்கிய சதுரங்கள், கீழே வர வரச் சாய்ந்து நகர்ந்து, கடைசியில் லாரியிலிருந்து கொட்டிய ஜல்லி மாதிரி ஆகிவிடும். அவர் அல்கால் மொழியில் நிரல் எழுதிப் பேனா பொருத்திய பிளாட்டரில் வரைய விட்டார். நமக்கு பிரவுசரில் திறக்கிற பி5 ஜேஎஸ் (p5.js, ஜாவாஸ்கிரிப்டில் படம் வரையும் கருவித்தொகுப்பு) எடிட்டரே போதும்.

முதலில், தொடக்கத்தில் ஒரே ஒருமுறை ஓடும் செட்டப் பகுதி. 480க்கு 780 பிக்சல் கேன்வாஸ், வெள்ளைப் பின்னணி, உள்ளே நிறம் நிரப்பாமலிருக்க நோஃபில். சதுரத்தை அதன் மையத்தை வைத்து வரைய ரெக்ட்மோடை சென்டர் என்றும், கோணத்தை டிகிரியில் கொடுக்க ஆங்கிள்மோடை டிகிரீஸ் என்றும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 45 என்று கொடுத்ததை ரேடியன் என்று எடுத்துக்கொண்டு இஷ்டத்துக்குத் திருப்பிவிடும்.

அப்புறம், படத்தை வரையும் டிரா பகுதியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபார் லூப். வெளியே வரிசை, 0 முதல் 21 வரை. உள்ளே பத்தி, 0 முதல் 11 வரை. ஒவ்வொன்றும் 30 பிக்சல் சதுரம். அதன் மையம் குறுக்கே 75 + பத்தி × 30, நெடுக்கே 75 + வரிசை × 30. ரன் கொடுத்தால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு வரும். சரி, வரட்டும்.

இனிதான் விஷயமே.

கலைவு = வரிசை / 21

இஷ்டத்துக்கு ஓர் எண்ணைத் தரும் ரேண்டமுக்கு -45, 45 என்ற எல்லைகளைக் கொடுத்து, வரும் எண்ணைக் கலைவால் பெருக்கினால் சதுரம் சாய வேண்டிய கோணம். முதல் வரிசையில் கலைவு 0, அசையவே அசையாது. 10ஆம் எண் வரிசையில் ரேண்டம் 30 தந்தாலும் 14 டிகிரிதான் சாயும். கடைசி வரிசையில் தந்தது அப்படியே. இதேபோல -15, 15 கொடுத்து, குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று என்று மையத்தையும் நகர்த்துங்கள். எல்லாச் சதுரத்துக்கும் ஒரே அளவு ரேண்டம் கொடுத்தால் வெறும் குப்பைதான் வரும், நீஸின் படம் இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது.

ஒரு சதுரத்தின் நகர்த்தலும் திருப்பலும் அடுத்ததைப் பாதிக்காமலிருக்க, வரைவதை புஷ்சுக்கும் பாப்புக்கும் நடுவே எழுதுங்கள்: மையத்துக்கு நகர்த்த டிரான்ஸ்லேட், பிறகு திருப்ப ரொட்டேட், கடைசியில் 0, 0 இடத்தில் சதுரம் வரைய ரெக்ட். முதல் இரண்டும் இடம் மாறினால் சதுரங்கள் கேன்வாஸின் இடது மேல் மூலையைச் சுற்றிப் பறந்துவிடும்.

டிராவை ஒரே தடவையோடு நிறுத்தும் நோலூப்பைச் செட்டப்பில் போட மறக்காதீர்கள். நான் மறந்தேன். டிரா நொடிக்கு 60 தடவை ஓடி, ஒவ்வொரு தடவையும் பழைய கோடுகள் மேலேயே புதுக் கோடுகள் விழுந்து, கொஞ்ச நேரத்தில் கீழ்ப்பாதி மை கொட்டிய மாதிரி ஆகிவிட்டது, மேல் வரிசை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நின்றது!

வந்தபின் கலைவை அதனாலேயே ஒருமுறை பெருக்கிப் பாருங்கள், மேல்பாதி ரொம்ப நேரம் அமைதியாக இருந்து கீழே சட்டென்று சரியும். ஒரே எண் கொடுத்தால் ரேண்டம் எப்போதும் அதே எண்களைத் தரும்படி செய்வது ரேண்டம்சீட்; பிடித்த மாதிரி வரும்வரை அதில் எண்ணை மாற்றிக்கொண்டே இருங்கள். நான் 7இல் நிறுத்திவிட்டேன்.