ஒரே மரத்தடியில் 30 நாள்கள்: இயற்கையில் இறைவனை உணரப் பழகும் முறை

இயற்கையில் இறைவனைக் காண விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மலைக்கோ கடலுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் புதிய இடத்தில் வேடிக்கை பார்க்கவே பொழுது சரியாகிவிடும். மனம் அடங்கத் தொடங்கும்போது திரும்பும் நேரம் வந்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து சில நிமிடங்களில் நடந்து சேரக்கூடிய ஓரிடத்தை, அது மரத்தடியாகவோ குளக்கரையாகவோ மொட்டைமாடியின் மூலையாகவோ இருக்கலாம், தேர்ந்துகொண்டு, 30 நாள்களுக்கு அதே இடத்துக்கு அதே வேளையில் செல்லுங்கள். பழகிய இடத்தில்தான் நேற்று இல்லாதது இன்று கண்ணில் படும்.

கதிரவன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பாகச் செல்வது நல்லது. கைபேசியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். படம் எடுக்கும் எண்ணம் வந்த மறுகணமே, பார்ப்பது பிறருக்குக் காட்டுவதற்காக என்று ஆகிவிடுகிறது.

அமர்ந்தவுடன் வேண்டுதலைத் தொடங்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடங்கள் காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள்: அருகிலிருக்கும் ஒலி, அதற்கப்பால் இருக்கும் ஒலி, காற்று இலைகளில் எழுப்பும் ஒலி. பிறகு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைப் பொறுமையாகப் பாருங்கள். புல்லின் நுனியில் பனித்துளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதால், காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி அதன்மேல் துளியாகப் படிந்திருக்கிறது. சற்று நேரத்தில் அதன்மேல் விழப்போகும் ஒளி, கதிரவனை விட்டுப் புறப்பட்டு 8 நிமிடங்களுக்கு மேல் பயணம் செய்து வந்தது. இத்தகைய விளக்கங்கள் பக்தியைக் குறைத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அச்சம் நியாயமாகத் தோன்றவில்லை. ஒரு வீணை எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தவர் அதன் இசையைக் குறைவாகவா ரசிக்கிறார்?

அடுத்தது நன்றி. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பது சொல்ல எளிது, விரைவில் உலர்ந்தும் போகும். அன்று கண்ட ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்: இந்தத் துளிருக்காக, அணில் இறங்கி வந்த வேகத்துக்காக, மழைக்குப் பின் எழுந்த மண்வாசனைக்காக. அந்த நன்றியைப் பொதுவாகக் காற்றில் விட்டுவிடாமல், கொடுத்தவனை முன்னிலையில் நிறுத்திச் சொல்லுங்கள். பெரியவர்களை "நீங்கள்" என்று அழைக்கும் நம் மொழியில், இறைவனை மட்டும் "நீ" என்றோ "நீர்" என்றோ அழைக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. "நீ தந்தாய்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதுவரை காட்சியாக இருந்தது, உங்களுக்கென்று கொடுக்கப்பட்டதாக மாறும். மரமே இறைவனா, மரத்தில் இறைவனா என்னும் வாதத்தை அந்த வேளையில் ஒதுக்கி வைக்கலாம்.

அழகை மட்டும் பொறுக்கி எடுப்பது இன்னொரு பிழை. பறவை புழுவைக் கொத்தும், புயலில் கிளை முறியும், மரம் பட்டுப்போகும். இவற்றைப் பார்க்காததுபோல் இருந்துகொண்டு சொல்லும் நன்றியில் உண்மை குறைவு. புரியாததைப் புரியவில்லை என்று அவனிடமே சொல்லலாம். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த, பின்னாளில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் பணிசெய்த கிறிஸ்தவத் துறவி சகோதரர் லாரன்ஸ், தம் 18-ஆம் வயதில் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்து, அது மீண்டும் தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் என்று எண்ணியபோதுதான் இறைவனின் பராமரிப்பை ஆழமாக உணர்ந்தார். அவரைத் திருப்பியது பூத்த மரமன்று, மொட்டை மரம்.

வாரம் ஒருமுறை, இரவில் நிலவில்லாத வேளையில், விளக்கொளி குறைந்த இடத்தில் வானத்தைப் பாருங்கள். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அதற்குள் எழுந்துவிட வேண்டாம். நல்ல இருட்டில் மங்கிய திட்டாகத் தெரியும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் ஒளி, ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அங்கே சொற்கள் தேவைப்படாது.

எதுவுமே உணராத நாள்கள் நிச்சயம் வரும். அந்நாள்களில் உணர்ச்சியை வலிந்து வரவழைக்காமல், வழக்கமான நேரம்வரை அமர்ந்துவிட்டு, பார்த்ததை மட்டும் ஒரு வரியாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். நோயாலோ முதுமையாலோ வெளியே செல்ல இயலாதவர்களுக்கு ஒரு சன்னலும் ஒரு தொட்டிச் செடியும் போதும். மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து நீர் ஊற்றுவதையே அவர்கள் அன்றைய வழிபாடாகக் கொள்ளலாம்.