புதுப் படகைக் கையேற்கும் முன் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள்

கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் எங்கள் அத்தான் 45 அடி மோட்டார் யாட் ஒன்றுக்கு ஓடர் கொடுத்து பதினான்கு மாதம் காத்திருந்தார். ஒரு நாள் இரவு போன் எடுத்து, "தம்பி, படகு ரெடியாம். தை மூன்றாம் திகதி நல்ல நேரம் இருக்கு. நீ வந்து ஒருக்கால் பார்த்தால் காணும், கையெழுத்தைப் போட்டுவிடலாம்" என்றார். நான் 22 வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை செய்தவன். இப்போது கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு, படகு வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். "ஒருக்கால் பார்த்தால் காணாது அத்தான், எனக்கு நாலு நாள் வேண்டும்" என்றேன். அந்த நாலு நாளிலும் அதற்குப் பிறகும் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியவேண்டும். படகின் உடலையும் எஞ்சினையும் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை. அதே அச்சில் யார்ட், அதாவது படகு கட்டுகிற இடம், எத்தனையோ உடல்களை வார்த்திருக்கும், அதே எஞ்சின் பல படகுகளில் ஓடியிருக்கும். பிழை ஒளிந்திருப்பது நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்ட இடங்களில். அதை யார்ட் வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்திருக்கும். மர பாஸ் தன் வேலையைச் செய்வார், வயரிங் பாஸ் தன் வேலையைச் செய்வார், பைப் போடுகிறவர் தன் பாட்டில் போடுவார். மூன்று பேருடைய வேலையும் சந்திக்கிற இடத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கவேண்டியவர் நீங்கள்.

அத்தான் நாலு மாற்றம் கேட்டிருந்தார். சலூனில், அதாவது படகுக்குள் உட்காரும் அறையில், சுவாமித் தட்டு, அதற்கு ஒரு சின்ன விளக்கு. அக்காவுக்காக காஸ் அடுப்பு, புட்டும் தோசையும் மின்சார அடுப்பில் சரிவராது என்று அக்கா ஒரே பிடி. பின்தளத்தில் மீன் வைக்கப் பெரிய ஃப்ரீசர். ஒன்பது பேர் குளிக்க முன்கபினுக்குக் கீழே 600 லீற்றர் மேலதிகத் தண்ணீர்த் தாங்கி. இவற்றில் இரண்டுதான் ஒப்பந்தத்தில் இருந்தன. மற்றவை போனிலும் வட்ஸ்அப்பிலும் பேசி முடித்தவை. ஆகவே யார்டுக்குப் போகும் முன்பே பழைய செய்திகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, என்ன கேட்டோம், என்ன விலை ஒத்துக்கொண்டோம் என்று ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதாத ஒன்றை நீங்கள் பிறகு பிழை என்று சொல்ல முடியாது. இன்னும் ஓடரே கொடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசித் தவணையாக விலையில் குறைந்தது பத்து வீதம், கடலோட்டம், அதாவது படகைக் கடலில் ஓட்டிப் பார்ப்பது, முடியும்வரை உங்கள் கையில் நிற்கும்படி ஒப்பந்தத்தில் போடுங்கள்.

அடுத்தது நல்ல நேரம். அதை விடச்சொல்லி நான் யாரிடமும் சொல்வதில்லை, எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பூசையும் கையெழுத்தும் ஒரே நாளில் வேண்டாம். தை மூன்றில் அத்தானும் அக்காவும் வந்து அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள், யார்ட் ஆட்களுக்கெல்லாம் பொங்கல் கொடுத்தார்கள். கையெழுத்தைப் பிறகு வைத்துக்கொண்டோம். அவசரப்படக் காரணமும் இல்லை. தையிலிருந்து சித்திரைத் தொடக்கம்வரை கொழும்புப் பக்கக் கடல் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பினால்தான் கடலோட்டம் பார்ப்பது கஷ்டம்.

யார்டுக்குப் போகும்போது பழைய உடுப்பு போடுங்கள். நல்ல டோர்ச், கம்பியில் கட்டிய சின்னக் கண்ணாடி, அளவு நாடா, மல்டிமீற்றர், சவர்க்காரத் தண்ணீர் நிரப்பிய தெளிபோத்தல், ஒரு கட்டுப் பழைய பேப்பர். இவ்வளவு போதும்.

படகு தண்ணீரில் இறங்கிய அன்றே எல்லாத் தரைப்பலகைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஸ்குரூ போட்டு இறுக்கித் தூக்க முடியாத பலகை ஏதாவது இருந்தால் அதுவே முதல் குறை. கடலில் தண்ணீர் வரும்போது ஸ்குரூட்ரைவர் தேட நேரம் இராது. கீழே இருக்கும் பள்ளத்தை, பில்ஜ் என்பார்கள், துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, ஒவ்வொரு வால்வுக்கும் ஒவ்வொரு பைப் மூட்டுக்கும் கீழே பேப்பர் விரியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவை பேப்பர் ஒரு மணி நேரத்தில் வட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும். வட்டம் விழுந்தால் விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது, அன்றே யார்ட் கை வைக்கவேண்டும். கரிக்காவிட்டால் பெரும்பாலும் உங்கள் தாங்கித் தண்ணீர், பட்டியலில் எழுதினால் போதும். எண்ணெய் வாசம் வந்தால் நாக்கில் வைக்கவேண்டாம்.

உடலைத் துளைத்துக் கடலுக்குப் போகும் வால்வுகள் எல்லாவற்றையும் கையால் திறந்து மூடிப் பாருங்கள். கைப்பிடி பைப்போடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பித்தளை போட்டிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உப்புத் தண்ணீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், வெளியே நல்லதுபோல இருந்துகொண்டே ஒரு நாள் பிஸ்கட் மாதிரி உடையும். வெண்கலம் வேண்டும். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பைப்பிலும் இரண்டு கிளிப், அதுவும் 316 தர ஸ்டெயின்லெஸ். எங்கள் படகில் பதினொரு இடத்தில் ஒற்றைக் கிளிப்தான் இருந்தது. இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் பழைய சோனகத் தெருவில் அரை நாள் செலவழித்தால் நீங்களே வாங்கலாம், ஆனால் வாங்காதீர்கள். அது யார்ட் செய்யவேண்டிய வேலை.

சரி, இனி அந்த நாலு ஆசைகள்.

சுவாமித் தட்டு பார்க்க அவ்வளவு அழகு. தேக்கில் செய்து, விளிம்பில் தாமரை இதழ் செதுக்கி வைத்திருந்தார் மர பாஸ். தட்டைத் தாங்கும் ஸ்குரூ ஒன்றைக் கழற்றி அளந்தேன், இரண்டு அங்குலம். சுவர்ப்பலகையின் கனமோ முக்கால் அங்குலம். அப்படியென்றால் மிச்சம் எங்கே போயிருக்கிறது? பக்கத்து அலுமாரியின் பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியையும் டோர்ச்சையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். வழிவிளக்குகளுக்குப் போகும் வயர்க்கட்டின்மேல் ஒரு ஸ்குரூ முனை சாய்ந்துகொண்டு நின்றது. கறுப்பு உறையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு, அதற்குள் செம்பு மினுங்கியது. கரையில் நிற்கும்வரை ஒன்றும் நடக்காது. எஞ்சின் அதிர அதிர அந்த முனை அறுத்துக்கொண்டே இருக்கும், பிறகு ஓர் இரவு விளக்கு அணையும், அல்லது புகை வரும். மர பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு சொல் பேசவில்லை. எட்டு ஸ்குரூவையும் தானே கழற்றிச் சின்னது போட்டார், வயரிங் பாஸ் அந்த வயரையே மாற்றினார். பிறகு படகில் புதிதாகப் பொருத்திய ஒவ்வொரு தட்டுக்கும் கொக்கிக்கும் பின்பக்கம் பார்த்தோம். நீங்களும் பாருங்கள்.

காஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. வீட்டில் கசிந்தால் கதவால் வெளியே போக வழி உண்டு, படகில் கசிந்தால் பில்ஜுக்குள் இறங்கிக் கிடக்கும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டி உள்பக்கத்துக்குக் காற்றுப் போகாதபடி அடைத்திருக்கவேண்டும், அடியில் ஒரு துளையிலிருந்து பைப் இறங்கிப் படகுக்கு வெளியே திறக்கவேண்டும். எங்கள் பெட்டியில் துளையும் பைப்பும் இருந்தன. ஆனாலும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். வெளியே அரைச் செம்புதான் வந்தது. மிச்சம், நடுவில் பைப் தொட்டில்போலத் தொய்ந்திருந்த இடத்தில் தங்கிவிட்டது. மழைத் தண்ணீர் அப்படித் தங்கினால் காஸுக்கு வழி அடைபட்டுவிடும். பைப்பை ஒரே சரிவாக மாற்றிப் போட்டார்கள். மூட்டுகள் எல்லாவற்றிலும் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் குமிழ் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா அதற்குப் பிறகுதான் அடுப்பை மூட்டினா.

தண்ணீர்த் தாங்கிதான் பெரிய தலையிடி. 600 லீற்றர் என்றால் 600 கிலோ. அது அணியத்துக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வெறும் தாங்கிகளோடு காட்டும்போது எந்தப் படகும் நேராகத்தான் நிற்கும். ஆகவே தண்ணீர், டீசல் எல்லாவற்றையும் முட்ட நிரப்பச் சொல்லி, படகின் உடலில் போட்டிருக்கும் நீர்மட்டக் கோட்டைச் சின்னத் தோணியில் சுற்றி வந்து பாருங்கள். எங்கள் படகின் அணியம் இரண்டு அங்குலத்துக்குமேல் தாழ்ந்தது. அணியம் தாழ்ந்த படகு பின்னாலிருந்து அலை வரும்போது சுக்கானுக்குக் கட்டுப்படாது. தாங்கியை நடுப்பகுதிக்கு மாற்றுவதென்று முடிவாகி, அதற்கு இரண்டு கிழமை பிடித்தது. அத்தானுக்குக் கோபம்தான், ஆனால் கடைசித் தவணை எங்கள் கையில் இருந்ததால் வேலை நின்றுபோகவில்லை.

ஃப்ரீசரைப் பற்றி ஒரு வரி. ஏசி, ஃப்ரீசர், கேத்தல் மூன்றையும் நடுப்பகலில் ஒன்றாகப் போட்டு, ஜெனரேற்றர் தாங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். எங்கள் கடல்தண்ணீர் 28, 29 பாகைச் சூட்டில் இருக்கும். குளிர்நாட்டுக் கடலுக்குக் கணக்குப் போட்ட ஏசி இங்கே திணறும்.

கடலோட்டத்துக்கு குறைந்தது நாலு மணி நேரம் கேளுங்கள். துறைமுகத்துக்குக் கிட்ட ஓடப்போவதால் துறைமுகத்துக்கும் கடற்படைக்கும் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். போனவுடன் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஆறவிட்டுப் பிறகு வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் தெரியவேண்டும். வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றுங்கள். நாங்கள் ஒன்பது பேர் ஏறிக் கல்கிசைவரை ஓடினோம். எஞ்சினுக்குப் போட்ட உச்சச் சுற்று நிமிடத்துக்கு 2,800, எங்களுக்கு 2,650தான் வந்தது, பின்னால் கறுப்புப் புகை. புரொப்பெலரின் பிட்ச், அதாவது இதழ்களின் சாய்வு, கூடிப்போய் எஞ்சின் தூக்கமுடியாத பாரத்தைத் தூக்குகிறது என்று அர்த்தம். இதை விட்டுவிட்டால் எஞ்சின் ஆயுள் பாதியில் போகும். புரொப்பெலர்களைக் கழற்றி பிட்ச் குறைத்துக் கொண்டுவந்தார்கள், இரண்டாம் ஓட்டத்தில் 2,800ஐத் தாண்டியது. வேகத்தை ஒரு பக்கம் ஓடி மட்டும் அளக்காதீர்கள், நீரோட்டம் ஏமாற்றும். அதே தூரம் திரும்பி ஓடி, சராசரி எடுங்கள்.

காலையில் எண்ணெய்போல இருக்கும் கடலில் மட்டும் ஓடிவிட்டுத் திரும்பவேண்டாம். பின்னேரம் கடற்காற்று எழும்பும்வரை நில்லுங்கள். அலையில் ஏறி இறங்கும்போதுதான் அலுமாரிக் கதவு திறப்பதும் எங்கோ ஒரு பலகை முனகுவதும் கேட்கும். நங்கூரத்தைச் சங்கிலி முழுக்க இறக்குங்கள். சங்கிலியின் கடைசி முனை கயிற்றால் கட்டியிருக்கவேண்டும். ஆபத்தில் கத்தியால் வெட்டிவிட்டு ஓட முடியவேண்டும். புரொப்பெலரைச் சுழற்றும் தண்டு, ஷாஃப்ட் என்பார்கள், எஞ்சினோடு நேராக இருக்கிறதா என்பதையும் படகு ஓரிரு நாள் தண்ணீரில் கிடந்த பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கரையில் நிற்கும் உடல் ஒரு வடிவம், மிதக்கும் உடல் இன்னொரு வடிவம்.

காகிதங்களில் கட்டியவர் தரும் சான்றிதழும் விற்பனைப் பத்திரமும் இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது. 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பல் சட்டத்தின்கீழ் பதிவுக்குப் போகும்போது அவைதான் கேட்கப்படும். எஞ்சின் இலக்கத்தைக் காகிதத்தில் பார்த்து விட்டுவிடாமல் எஞ்சினில் குனிந்து வாசியுங்கள், எங்கள் படகுக்கு எஞ்சின் இரண்டு, பத்திரத்தில் இடதும் வலதும் மாறியிருந்தன. படகிலிருந்து பேசும் விஎச்எஃப் வானொலிக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அந்த வானொலியில் போடும் படகின் அடையாள எண்ணை எம்எம்எஸ்ஐ என்பார்கள். இலங்கைப் படகின் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் 417 என்றுதான் தொடங்கும். வேறு இலக்கத்தில் தொடங்கினால் பொருத்தியவர் பிழையாகப் போட்டிருக்கிறார். காப்புறுதி, நீங்கள் கையெழுத்துப் போடும் அந்த மணித்தியாலத்திலிருந்தே தொடங்கவேண்டும். அன்றிலிருந்து நட்டம் உங்களுடையது.

வயரிங் படம் கேட்கும்போது முதலில் வரைந்ததைத் தருவார்கள். உண்மையில் எப்படிப் போட்டார்களோ அந்தப் படத்தைக் கேளுங்கள். வால்வுகள் இருக்கும் இடத்தை ஒரு தாளில் வரைந்து, தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதி, சுக்கானுக்குப் பக்கத்து அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எங்கள் படகில் வேலைக்கு நிற்கும் நீர்கொழும்புத் தம்பிக்கு இரண்டு மொழியும் தெரியும், ஆனால் ஆங்கில லேபலை இருட்டில் வாசிக்கமாட்டான்.

குறைகளை இலக்கம் போட்டு எழுதினால் பயப்படும் அளவுக்கு நீளும். எங்களுடையது 63. படகையும் உயிரையும் பாதிக்கிறவை கையெழுத்துக்கு முன், மற்றவை திகதி போட்டுப் பின் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெத்தையின் தையலுக்காக யாரும் சண்டைபிடிக்கத் தேவையில்லை.

எல்லாம் திருத்தினோம் என்று யார்ட் சொன்ன பிறகும் நான் அத்தானிடம் ஓர் இரவு கேட்டேன். பில்ஜை மறுபடி துடைத்து, 34 இடத்தில் புதுப் பேப்பர் விரித்து, பலகைகளை மூடிவிட்டு, அத்தானும் நானும் படகிலேயே படுத்தோம். இரவில் ஒரு படகு தண்ணீரை எடுத்தால், யாரும் தொடாமலே பில்ஜ் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்கும். விடியும்வரை அது அடிக்கவில்லை. காலையில் அத்தான் தானே முழந்தாள் போட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். 34 பேப்பரும் காய்ந்து கிடந்தன. கையைத் துடைத்துவிட்டு, "தம்பி, அந்தப் பேனையைத் தா" என்றார்.